பேரேட்டில் இருக்கும் பெயர்கள்

பேரூர் தாண்டி, மாதம்பட்டி தாண்டி, சிறுவாணி ரோட்டில் ஆலாந்துறைப் பக்கம் போனால் பூலுவபட்டி. பாக்குத் தோப்பு, சின்ன வெங்காயக் காடு, மேற்கே வெள்ளியங்கிரி மலை. இந்த ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருப்பது கோவையிலேயே பிறந்து வளர்ந்த பலருக்குத் தெரியாது. ஆழியாறு அணையையும் பூங்காவையும் பார்த்துவிட்டு வால்பாறைக்கு ஏறிப் போகிறவர்களுக்கு அங்கே ஒரு முகாம் இருப்பது தெரியாது. பவானிசாகருக்கு மீன் சாப்பிடப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அங்குள்ள முகாமைத் தெரியும்? பொள்ளாச்சிப் பக்கம் கோட்டூர், ஈரோட்டுப் பக்கம் அரச்சலூர், கரூரில் இராயனூர். கொங்கு நாட்டுக்குள் முகாம்கள் இப்படிச் சிதறிக் கிடக்கின்றன. பெரிய முகாம்களில் சில அணை ஓரங்களில் இருப்பதற்குக் காரணம், அங்கே அரசு நிலம் இருந்தது, ஊரை விட்டுத் தள்ளியும் இருந்தது என்பதாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இங்கேயே பிறந்தவர்களுக்கு இங்கேயே பிள்ளைகள் பிறந்துவிட்டன. போர், இடப்பெயர்வு, நிவாரணம் என்றெல்லாம் செய்தியில் வரும்போது நாம் வெகு தொலைவில் உள்ள ஏதோ ஒரு நாட்டை நினைத்துக்கொள்கிறோம். இங்கே டவுன் பஸ்ஸிலேயே போய் இறங்கலாம்.

*

இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறியவர்கள் முதலில் வந்தார்கள். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை நம்பிப் பல்லாயிரம் பேர் ஊர் திரும்பினார்கள். 1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்டதும் ஒரு லட்சத்துக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். 1996க்குப் பிறகு ஓர் அலை, 2006க்குப் பிறகு இன்னொன்று. எல்லாம் சேர்த்தால் மூன்று லட்சம் பேருக்கு மேல்.

மன்னார்க் கரையிலிருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் கடல். இறங்கியவர்கள் மண்டபம் முகாமுக்குப் போக வேண்டும். அங்கே விசாரணை, பதிவு, அடையாள அட்டை. அதன் பிறகு எந்த மாவட்டத்தில் இடமோ அந்த மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. ஒரே நாளில் சில ஆயிரம் பேர் வந்து இறங்கும் கரையில் யாருக்குக் காய்ச்சல், எந்தப் பிள்ளை எந்தக் குடும்பம், அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரே லாரியில் ஏறினார்களா என்று பார்த்துச் செய்தவர்கள் வருவாய்த்துறையின் கீழ்நிலை ஊழியர்கள். அவர்களைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை.

பவானிசாகரில் ஒரு முதிய அம்மா சொன்னார்: "ஈரோடு எண்டால் எங்க இருக்கு எண்டே எங்களுக்குத் தெரியாது. கடலுக்குக் கிட்டவோ எண்டு கேட்டனாங்கள். ஓம், தண்ணிக்குக் கிட்டத்தான் எண்டு ஒரு பொடியன் சொன்னான். வந்து பார்த்தால் அணை." பக்கத்தில் பேத்தி உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். "ஏனுங்க அம்மாச்சி, இதையே எத்தன தடவ சொல்லுவீங்க" என்றாள். அசல் சத்தியமங்கலப் பேச்சு.

*

முகாமின் பேரேட்டை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். நீளமான, முதுகில் துணி ஒட்டிய நோட்டு. வரிசை எண், குடும்பத் தலைவர் பெயர், உறவு, வயது, வீட்டு எண், கையெழுத்து. ஒரு குடும்பத்துக்கு ஐந்தாறு வரி. சில வரிகளின் மேல் சிவப்பு மை ஓடியிருக்கும். ஓரத்தில் சின்ன எழுத்தில் காரணம்: இறப்பு, நாடு திரும்பினார், திருமணமாகி வேறு முகாம். சில கோடுகளுக்கு ஓரத்தில் எதுவும் எழுதியிருக்காது.

இந்த நோட்டின்படிதான் அரிசி. இதன்படிதான் மாதாமாதம் பணக்கொடை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அதை உயர்த்தியது. குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் 500. ஆகவே ஒரு பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது நிறைவது முகாமில் வீட்டு வரவு செலவைத் தொடுகிற சமாச்சாரம். பிறந்த தேதி ஒரு வருடம் தள்ளிப் பதிவாகியிருந்தால் அந்த வீட்டில் ஒரு வருடம் மாதம் ஐந்நூறு குறையும். வெளியில் இருக்கிற நமக்கு இது சின்னக் கணக்கு.

உதவியை ஒருங்கிணைப்பது என்றால் லாரிகள், கூடாரங்கள், கையசைக்கும் மந்திரிகள் என்று ஒரு படம் நம் மனதில் இருக்கிறது. முதல் ஒரு மாதத்துக்கு அது சரியாக இருக்கலாம். பிறகு மிஞ்சுவது இந்த நோட்டுதான். பெயர் இதில் இருக்கிறவரைக்கும் உதவி வரும்.

*

அதே நோட்டைத்தான் போலீஸும் பார்த்தது.

1991 மே 21க்குப் பிறகு எல்லாம் மாறியது. ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் முகாமில் இருந்த ஒவ்வொருவரும் சந்தேகத்துக்கு உரியவர் ஆனார். தொண்டு நிறுவனங்களை முகாமுக்குள் விடாமல் நிறுத்தினார்கள், பல வருடம். வெளியே போனால் அந்திக்குள் திரும்ப வேண்டும். போலீஸின் உளவுப் பிரிவான க்யூ பிரிவின் கண்காணிப்பு, குறித்த நாட்களில் செக்கிங்.

செக்கிங் என்றால் பெயர் கூப்பிடும்போது ஆள் நேரில் நிற்க வேண்டும். கொங்கு நாட்டு முகாம்களில் ஆண்களில் பலருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. சரவணம்பட்டியிலும் அவிநாசி ரோட்டிலும் எழுந்திருக்கிற அடுக்குமாடிகளில் அவர்கள் கைபடாத சுவர் குறைவு. நகக்கண்ணில் வெள்ளை பிரைமர் எப்போதும் இருக்கும். நான்கைந்து பேர் செட்டாகப் போவார்கள். பாலக்காட்டில் ஒரு வேலை பாதியில் நிற்க, நடுவில் செக்கிங் வந்தால், இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு முகாமுக்கு வந்து பெயருக்குப் பதில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வராமல் இருந்தால் பெயர் வெட்டுப்படும். ஒரு முகாமில் ஒருவர் என்னிடம் சொன்னார், "அரிசி போனா வாங்கிக்கலாமுங்க. பதிவு போச்சுன்னா நான் யாருன்னு கேட்டா சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க."

சோறு போடுகிறவனுக்கும் ஆள் கணக்கு வேண்டும், காவல் காக்கிறவனுக்கும் வேண்டும். இரண்டு பேரும் ஒரே நோட்டை வைத்துக்கொண்டபோது, பசிக்கு வரிசையில் நின்றவனே சந்தேகத்துக்கும் வரிசையில் நின்றான். இதைப் பிரித்திருக்க முடியும் என்றே நினைக்கிறேன். மருத்துவமனைப் பதிவேட்டைப் போலீஸ் ஸ்டேஷனில் வைப்பதில்லை அல்லவா? பாதுகாப்புக்கு என்று செய்ததை நான் முழுக்க மறுக்கவில்லை. அந்தக் காலத்தின் பயம் உண்மையானது. ஆனால் பயம் தணிந்த பிறகும் பழக்கம் தணியவில்லை. அதற்கு விலை கொடுத்தவர்கள் 1991இல் பிறந்தே இராதவர்கள்.

*

கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையின் வடக்கே, போர் முடிந்த வன்னியை நினைத்துப் பார்க்கிறேன். நினைக்காமல் தள்ளிப்போட்ட நாட்களும் உண்டு.

2008 செப்டம்பரில் ஐ.நா. அமைப்புகளையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது இலங்கை அரசு. அவர்கள் போன பிறகு உள்ளே நின்றவர்கள் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவினர், உள்ளூர் அரசு அலுவலர்கள், மருத்துவர்கள் சிலர். 2009 பிப்ரவரியில் அந்த உள்ளூர் அலுவலர்கள் கொடுத்த கணக்கு: முல்லைத்தீவில் சிக்கியிருப்பவர்கள் சுமார் 3,30,000 பேர். கொழும்பு சொன்னது 70,000 அளவில். கணக்குக்குத் தக்கபடிதான் உணவும் மருந்தும். மயக்க மருந்து கேட்டு டாக்டர்கள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் கடைசியில், இன்னும் ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் முல்லைத்தீவுக் கடலோர மணல் திட்டில் இருந்தபோது, ஐயாயிரம் பேரோ என்னவோ என்று நாட்டின் தலைவரே பேட்டியில் சொன்னார்.

கடைசியில் உயிரோடு வெளியே வந்து, செட்டிகுளம் மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலும் முள்வேலிக்குள் அடைபட்டவர்கள் மட்டும் ஏறத்தாழ 2,90,000 பேர். ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011இல் கொடுத்த அறிக்கை இந்த எண்களை வரிசையாக வைக்கிறது. படித்தால் தூக்கம் வராது. ஒரு கிராம அலுவலர் ஷெல்லடிக்கு நடுவே வீடுவீடாக, பிறகு பதுங்கு குழி பதுங்கு குழியாகப் போய்த் தலை எண்ணியிருக்கிறார். அவர் எண்ணியது சரி. அதைக் கையில் வாங்கியவர்கள் கீழே வைத்துவிட்டார்கள்.

இலங்கை அரசு செய்ததை எழுதும்போது என் கை இறுகுகிறது. ஆனால் அந்தக் கணக்கு ஐ.நா. அலுவலகங்களிலும் இருந்தது. அதை உரத்துச் சொல்ல அவர்கள் தயங்கினார்கள் என்று 2012இல் ஐ.நா.வின் உள்விசாரணையே ஒப்புக்கொண்டது.

*

அதே 2009, மே 2. கோவை நீலாம்பூர் பைபாஸில் ஓர் இந்திய ராணுவ வண்டித் தொடரை ஈழ ஆதரவாளர்கள் மறித்துத் தாக்கினார்கள். இலங்கைக்கு ஆயுதம் போகிறது என்று செய்தி பரவியிருந்தது. பயிற்சி முடிந்து திரும்பிய வண்டிகள் அவை என்றது ராணுவம்.

அந்தக் கோபத்தில் பொய் இல்லை. ஊரே கொதித்துக்கொண்டிருந்தது, நானும்தான். இன்றைக்கு யோசிக்கும்போது வேறொன்று தோன்றுகிறது. அதே நகரத்துக்கு மேற்கே, பூலுவபட்டியில், முள்ளிவாய்க்காலில் மாட்டிக்கொண்ட தங்கைக்காகவும் மாமனுக்காகவும் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் விழித்திருந்தார்கள். நீலாம்பூருக்குப் போனவர்களில் எத்தனை பேர் அந்த வீடுகளுக்குப் போய் உட்கார்ந்தார்கள்? காணாமல் போனவர்களின் பெயரையும் கடைசியாகப் பேசிய தேதியையும் எழுதி வாங்கி, செஞ்சிலுவைக்கு அனுப்ப ஒரு மேஜை போட்டிருந்தால் போதும். ஈழத்துக்காக அழுத ஒரு நகரம் தன் எல்லையில் இருந்த ஈழத்தைப் பார்க்காமல் இருந்தது. இதைக் குறை சொல்ல எழுதவில்லை. அன்புக்கும் ஒரு முகவரி தேவைப்படுகிறது.

'வணங்காமண்' கப்பலும் அதே வருடத்துக் கதைதான். ஐரோப்பாவில் இருந்த தமிழர்கள் வீடுவீடாகச் சேர்த்த 884 டன் உணவும் மருந்தும். இலங்கைக் கடற்படை அதை மறித்துத் திருப்பி அனுப்பியது. சென்னைக்கு வெளியே கடலில் நின்றது, பிறகு சரக்கை இறக்கி வேறு கப்பலில் ஏற்றி, கொழும்புத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது. பாக்கெட் கட்டிய கைகள் நல்ல கைகள். வாங்கிக்கொள்ளும் கரையில் ஒப்புதல் இல்லை.

*

நான் போய்வரும் முகாமில் ஓர் இளம்பெண் இருக்கிறாள். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் தன்னார்வலர். ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய அமைப்பு அது. அகதிகளுக்காக அகதிகளே நடத்துவது. வெளியாட்கள் முகாமுக்குள் வந்து செய்கிற எதையும்விட இவர்கள் செய்தது நிலைத்திருக்கிறது என்பது என் எண்ணம். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது இவர்களின் தொண்டர்கள் நாகப்பட்டினத்துக்குப் போய் வேலை செய்தார்கள். ஒரே இரவில் எல்லாவற்றையும் விட்டு ஓடியவளிடம் முதல் வாரத்தில் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்பது அவர்களுக்குப் பாடம் எடுக்காமலே தெரியும்.

இந்தப் பெண்ணின் வேலை ஃபைல். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே மண்டபத்தில் கொடுத்த பதிவுத் துண்டு, மடிப்பில் கிழிந்து பின்பக்கம் செல்லோடேப் ஒட்டியது. அகதி அடையாள அட்டை. ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்த சீட்டு. பள்ளிக்கூட டி.சி. அப்பாவின் பெயர் முதல் தாளில் 'கணபதிப்பிள்ளை', இரண்டாவதில் 'கணபதி', டி.சி.யில் வெறும் 'க'. மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்க ஒரு பிரமாணப் பத்திரம், ஒரு நோட்டரி, முகாம் பொறுப்பு வருவாய் ஆய்வாளரின் கையெழுத்து. அதன் பிறகு சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்கு விண்ணப்பம். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குத் தூதரகம் வழியாகப் பிறப்புப் பதிவு வாங்கிக் கொடுக்கும் இந்த வேலையைக் கழகம் பல வருடமாகச் செய்துவருகிறது. அந்தத் தாள் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை.

நான் அவளுக்குச் சனிக்கிழமைகளில் படிவம் நிரப்ப உதவுகிறேன், அவ்வளவுதான். "அண்ணா, இங்க அடிக்கக் கூடாது, வேற ஃபாரம் எடுங்க" என்பாள். ஒரு அடித்தலுக்காக விண்ணப்பம் திரும்பி வந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

*

பேரிடர் உதவிக்கு உலக அளவில் ஏற்றுக்கொண்ட குறைந்தபட்ச அளவுகள் உண்டு. ஸ்பியர் கையேடு என்பார்கள், 1997இல் தொடங்கிய முயற்சி. ஒருவருக்கு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர். 20 பேருக்கு ஒரு கழிப்பறை. ஒருவருக்குக் கூரைக்குக் கீழே 3.5 சதுர மீட்டர்.

முகாமில் பத்துக்குப் பத்து வீடு என்பார்கள். நூறு சதுர அடி, அதாவது 9.3 சதுர மீட்டர். ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்குக் கையேட்டின்படி 17.5 வேண்டும். சில மாதத்துக்கான தங்கலை மனதில் வைத்துச் சொன்ன அளவின் பாதி இடத்தில் பெண்கள் பிள்ளை பெற்று, பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்குப் படித்து, புதுமணத் தம்பதிக்காகச் சேலையால் மறைப்புக் கட்டி வாழ்ந்திருக்கிறார்கள்.

2021இல் 317 கோடி 40 லட்ச ரூபாய்க்கு அரசு அறிவித்த திட்டத்தில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதும் ஒன்று. கோட்டூரிலும் ஆழியாற்றிலும் கட்டிய வீடுகளைப் பார்த்தால் மனசுக்கு நிறைவாக இருக்கிறது. தனி அடுப்படி, கதவு போட்ட அறை. நல்ல வேலை, மனமாரச் சொல்கிறேன். இதற்கு 38 வருடம் ஆகியிருக்க வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

*

மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் இந்தியக் குடிமகன் என்பது சட்டம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் அவருக்குப் பாஸ்போர்ட் தரச் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து போய் ஓட்டுப் போட்டார். வழக்கில் அவருக்குத் துணை நின்றது ஒரு பிறப்புச் சான்றிதழ். யாரோ ஒரு ஊழியர் அன்றைக்குச் சோம்பல் படாமல் எழுதிவைத்த வரி.

அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்களுக்கு அந்த வழி இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. அகதிகள் பற்றிய 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவும் இல்லை. திரும்பிப் போகலாம் என்றால் அதற்கும் நிம்மதி இல்லை. 2025 மே மாதம் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டில் தமிழ்நாட்டிலிருந்து ஊர் திரும்பிய முதியவர் ஒருவரைப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். முன்பு நாட்டைவிட்டுப் போனது முறைப்படி இல்லையாம். ஷெல்லுக்குப் பயந்து படகேறியவர் எந்தக் கவுன்ட்டரில் முத்திரை வாங்கியிருக்க முடியும்? ஓர் அலுவலகம் ஏற்பாடு செய்த பயணம் அடுத்த அலுவலகத்தின் மேஜைக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

*

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள்மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக இனி வழக்கு இல்லை. குடியுரிமை இல்லைதான், ஆனால் தலைக்கு மேல் நாற்பது வருடமாகத் தொங்கிய ஒரு சட்டப் பிரிவு போயிற்று. முகாமில் அன்றைக்குப் பாயசம் காய்ச்சிய வீடுகள் உண்டு.

ஆணையில் 'பதிவு செய்துகொண்ட' என்று இருப்பதால் எங்களுக்கு இப்போது வேலை கூடியிருக்கிறது. செக்கிங்கின்போது வெளியூரில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்ததால் பெயர் வெட்டுப்பட்டவர்கள் இருக்கிறார்கள். வேறு முகாமுக்குக் கல்யாணம் ஆகிப் போய், அங்கே ஏறாமல் இங்கே மட்டும் அடிபட்ட பெயர்களும் இருக்கின்றன. சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் காரணம் எழுதாமல் விட்ட இடங்கள் இவைதான். ஒவ்வொருவருக்கும் மண்டபம் துண்டைத் தேட வேண்டும். அது தொலைந்திருந்தால் பழைய அரிசி அட்டை, அதுவும் இல்லையென்றால் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் நகல், தடுப்பூசி அட்டை. எது கிடைக்கிறதோ அதை இணைத்து மனுவாக எழுதி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கிறோம். வெட்டிய பெயரைத் திரும்ப ஏற்ற வேண்டும், வெட்டிய தேதியிலிருந்து அல்லாமல் முதலில் பதிந்த தேதியிலிருந்தே தொடர்ச்சியாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. வரும் சனிக்கிழமை அரச்சலூர்க்காரர்கள் சிலர் தாள்களை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஜெராக்ஸ் கடையில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.